ஆக்சுவரி படிப்புக்குக் கல்லூரி: புதூர்நாட்டிலிருந்து பார்க்கையில்

இந்தியாவில் ஒருவருக்கு ஆக்சுவரி என்ற தகுதியைக் கொடுப்பது இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரிஸ் ஆஃப் இந்தியா என்ற தொழில் அமைப்பு. 1944இல் ஆக்சுவரியல் சொசைட்டி என்ற பெயரில் தொடங்கிய சங்கம் அது. 2006ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டம் அதைச் சட்டப்பூர்வ இன்ஸ்டிடியூட் ஆக்கியது. சி.ஏ. படிப்பைப் பற்றித் தெரிந்த வீட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். பி.காம். எங்கே படித்திருந்தாலும் சி.ஏ. ஆவது இன்ஸ்டிடியூட் தேர்வை எழுதித்தான். ஆக்சுவரிக்கும் அதே வழிதான். பட்டம் ஒரு பக்கம் இருக்கும், பேப்பர்கள் இன்னொரு பக்கம் இருக்கும். எனவே எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பவருக்குப் பதில் சொல்லுமுன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பேப்பர்களை எழுதித் தேறும்வரை மாணவரைத் தாங்கக்கூடிய கல்லூரி எது? பாதி வழியில் நின்றுபோனால் கையில் மிஞ்சும் பட்டம் எதற்கு உதவும்? விளம்பரப் புத்தகங்கள் முதல் கேள்வியை மேலோட்டமாகத் தொட்டுச் செல்லும். இரண்டாவதைத் தொடுவதே இல்லை.

ஆக்சுவரி செய்யும் வேலை என்ன என்பதற்குப் புதூர்நாட்டு வங்கிப் பாஸ்புக் ஒன்றே போதும். ஜவ்வாதுமலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. சாமையும் புளியும் பலாவும் விளையும் மலை. இங்கே வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களில் பலருடைய பாஸ்புக்கில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான பிரீமியம் அது. ஜூன் 1 முதல் மே 31 வரையிலான ஓராண்டுக்குள் கணக்குதாரர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். சேரும் வயது 18 முதல் 50. திட்டம் தொடங்கிய 2015இல் பிரீமியம் 330 ரூபாய். கோரிக்கைத் தொகை எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததால் 2022இல் அதை 436 ஆக்கினார்கள்.

இந்த 436 எப்படி வந்தது? இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பாலிசிதாரர்களின் அனுபவத்தைத் திரட்டி ஓர் இறப்பு அட்டவணை வைத்திருக்கின்றன. தொழிலில் அதற்கு 'டேபிள்' என்றுதான் பெயர். 2012 முதல் 2014 வரையிலான அனுபவத்தில் உருவான டேபிளில், 20 வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் ஓராண்டுக்குள் இறப்பவர் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. 40 வயதில் அது 1.7 அளவுக்கு ஏறுகிறது, 50 வயதில் 4.4க்குச் சற்று மேல். ஆயிரத்தால் வகுத்து இரண்டு லட்சத்தால் பெருக்கினால், இருபது வயதுக்காரருக்கு ஆகும் சுத்தச் செலவு 185 ரூபாய் அளவு, நாற்பதுக்கு 340, ஐம்பதுக்கு 890. எல்லோரிடமும் வாங்குவதோ ஒரே 436. இளையவர் கட்டும் பணம் மூத்தவருக்கு முட்டுக்கொடுக்கிறது. 'நமக்கு எதுக்குப்பா இது' என்று இளவட்டங்கள் ஒவ்வொருவராக விலகினால் மிஞ்சுபவர்களின் சராசரி வயது ஏறும், 436 பற்றாமல் போகும். அப்படி விலகக்கூடியவர் எத்தனை பேர், விலகினால் பிரீமியம் எவ்வளவு ஏற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் ஆக்சுவரிக்குச் சம்பளம்.

மலைக்காரர்களுக்கு இது அந்நியமான வேலையும் இல்லை. காய் முற்றுமுன்பே புளியமரத்தை அண்ணாந்து பார்த்து, இத்தனை கிலோ தேறும் என்று மதிப்பிட்டு, மழையும் குரங்கும் அழிப்பதைக் கழித்து, மரத்தோடு விலை பேசும் வியாபாரி செய்வதும் இதே கணக்குதான். அவர் மனத்துக்குள் போடுவதை ஆக்சுவரி எழுதிக் காட்ட வேண்டும், கணக்கு தவறினால் எவ்வளவு தவறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டேபிளைப் பற்றி இன்னொன்று. மலைக்கிராமங்களில் வயது முதிர்ந்தவர்களின் பிறந்த தேதி என்பது பெரும்பாலும் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி. பள்ளிக்கே போகாதவருக்கு அதுவும் கிடையாது. வயதுச் சான்றுகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் தரமானவை, அல்லாதவை என்று இரண்டாகப் பிரிப்பது இதற்காகத்தான். நகரத்துப் பாலிசிதாரர்களை வைத்து வார்த்த டேபிளை மலைக்கு அப்படியே கொண்டுவந்து போட்டால் எங்கே பிசகும் என்று, இந்த மலையில் வளர்ந்த மாணவிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956இல் பிறந்தபோது அதன் கையில் இருந்தது ஓரியண்டல் கம்பெனி 1925 முதல் 1935 வரை திரட்டிய பழைய டேபிள். சொந்த அனுபவத்தில் டேபிள் வார்த்துக்கொள்ள அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

இனி இன்ஸ்டிடியூட்டின் படிகள். முதல் படி ஏசெட் என்ற பொது நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ முடித்தவர் எழுதலாம். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். கணிதத்துக்கு 30, புள்ளியியலுக்கு 30, தரவு விளக்கத்துக்கு 15, ஆங்கிலத்துக்கு 15, தர்க்கத்துக்கு 10. தேர்ச்சிக்கு 50 வேண்டும். கணிதப் பகுதி பெரும்பாலும் பிளஸ் டூ கணிதமே. புள்ளியியல் பகுதி அதைவிட ஒரு படி மேலே நிற்கும். இதில் தேறினால் மாணவ உறுப்பினர் ஆகலாம். அதன் பிறகு வருபவை சி.எஸ். என்ற புள்ளியியல் பேப்பர்கள் இரண்டு, சி.எம். என்ற ஆக்சுவரியல் கணிதப் பேப்பர்கள் இரண்டு, நிதியும் பொருளாதாரமும் சேர்ந்த சி.பி. பேப்பர்கள். அவற்றுக்கு மேல் தொழில் நடைமுறை, அதற்கும் மேல் ஆயுள், பொதுக் காப்பீடு, ஓய்வூதியம், உடல்நலம் போன்ற சிறப்புப் பிரிவுகள். ஒரு கட்டத்தில் அசோசியேட், கடைசியில் ஃபெல்லோ. பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், பேப்பர்களின் பெயரும் எண்ணிக்கையும் கூட மாறியிருக்கின்றன. சி.எஸ். பேப்பர்களில் ஒரு பகுதியை 'ஆர்' என்ற மென்பொருளிலும், சி.எம். பேப்பர்களில் ஒரு பகுதியை எக்செல்லிலும் கணினியில் உட்கார்ந்தே எழுத வேண்டும் என்பது 2019இல் வந்த மாற்றம். கல்லூரியைத் தேர்வு செய்கையில் இந்த மாற்றத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பது பின்னால் வரும்.

எத்தனை வருடம் ஆகும்? சங்கடமான இந்தக் கேள்வியைத் தவிர்க்காமல் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு பேப்பரை ஒருமுறை எழுதினால் தேறும் வாய்ப்பு பத்தில் நான்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு பேப்பருக்குச் சராசரியாக இரண்டரை முயற்சி ஆகும். ஆறு பேப்பருக்குப் பதினைந்து முயற்சி. ஆண்டுக்கு இரண்டு தேர்வுக்காலம். ஒவ்வொன்றிலும் இரண்டு பேப்பர் எழுதினால், அடிப்படைப் பேப்பர்களுக்கே நான்கு ஆண்டுகளை நெருங்கிவிடும். ஃபெல்லோ ஆக ஆறு ஏழு ஆண்டு என்பது நன்றாகப் போனவர்களின் கணக்கு. வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பத்தாண்டைத் தாண்டியவர்களும் தொழிலில் நிறைய உண்டு, அதை அவமானமாக யாரும் நினைப்பதில்லை. கல்லூரி வாழ்க்கை மூன்று ஆண்டு, பேப்பர் வாழ்க்கை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மூன்றாண்டில் கையிலிருக்கும் பணம் முழுவதையும் செலவழிக்க வைக்கும் கல்லூரி, அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளை முடக்கிவிடும்.

கல்லூரித் தேர்வு உண்மையில் பதினோராம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த பிள்ளைக்குப் புள்ளியியல், கணிதப் பட்டங்கள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். வணிகவியல் பிரிவில் சேர்ந்தாலும் வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சில கல்லூரிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. மலையைச் சுற்றியுள்ள மேல்நிலைப் பள்ளிகளில் எல்லாப் பிரிவும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. பக்கத்துப் பள்ளியில் என்ன பிரிவு இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடுவதுதான் வழக்கம், அந்த ஒரு முடிவே பல தொழில்களை ஓசையில்லாமல் அடைத்துவிடுகிறது. கணிதப் பிரிவுக்காக விடுதியில் தங்கிக் கீழே திருப்பத்தூரில் படிக்க வேண்டி வந்தால், அந்த இரண்டு ஆண்டுச் சிரமம் வீண்போகாது. மலையிலேயே காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நின்றுகொண்டிருக்கிறது. ஆனாலும் இந்த மலைப் பிள்ளைகளுக்குக் கணிதம் எங்கோ தொலைவில் நடக்கும் காரியமாகவே இன்னும் படுகிறது.

பிளஸ் டூவுக்குப் பிறகு திறந்திருக்கும் வழிகளைத் தொழிலில் இருப்பவர்கள் நான்காகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

முதலாவது, ஆக்சுவரியல் என்ற சொல்லையே பட்டத்தின் பெயரில் வைத்திருக்கும் இளநிலைப் படிப்புகள். பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகங்களில், மும்பை, பெங்களூரு, நொய்டா போன்ற நகரங்களில் இருக்கின்றன. பாடத்திட்டம் இன்ஸ்டிடியூட் பேப்பர்களை ஒட்டியே அமைந்திருக்கும், கூடப் படிக்கும் எல்லோரும் பேப்பர் எழுதுபவர்களாக இருப்பார்கள், நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கவும் கூடும். இவை உண்மையான பலன்கள். கூட்டமாகச் சேர்ந்து பேப்பர் எழுதுவதன் தெம்பு தனியாக எழுதுபவருக்குக் கிடைக்காது. கட்டணம்தான் தடை. உதாரணத்துக்கு, கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து 12 லட்சம் கல்விக்கடன் வாங்குகிறார் என்று கொள்ளலாம். பத்து சதவீத வட்டியில் ஏழாண்டில் திருப்பிக் கட்ட மாதத் தவணை ஏறக்குறைய 19,900 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியை இதில் சேர்க்கவில்லை. மூன்று பேப்பர் தேறிய ஆரம்பநிலை ஊழியரின் சம்பளத்தில் இந்தத் தவணை போக மிச்சத்தில் பெருநகர வாடகையும் தேர்வுக் கட்டணமும் கொடுக்க வேண்டும். பல பேருக்குப் பேப்பர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். படிப்பு ஏறாமல் நின்றவர்களைவிடப் பணம் பற்றாமல் நின்றவர்களே அதிகம் என்பது இந்தத் தொழிலில் நெடுநாள் இருந்தவர்கள் பொதுவாகச் சொல்வது.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆக்சுவரியல் சயின்ஸ் என்ற பெயருள்ள பட்டத்தை அரசுப் பணித் தேர்வுக்குக் கொண்டுபோனால், 'புள்ளியியல் அல்லது கணிதத்தில் பட்டம்' என்ற விதிக்குள் அது வருமா என்ற கேள்வி எழும். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருப்பதையோ புள்ளியியலில் முதுநிலைப் பட்டத்தையோ கேட்கிறது. தமிழ்நாட்டில் புதிய பெயருள்ள பட்டங்களுக்கு இணைத்தன்மை அரசாணை தேடி அலைந்தவர்களை எல்லா மாவட்டத்திலும் பார்க்கலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது.

இரண்டாவது வழி, பழைய கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல், அது கிடைக்காத இடத்தில் கணிதம். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றின் புள்ளியியல் துறைகள் பெயர்பெற்றவை. அரசுக் கல்லூரிகளின் கட்டணம் பெருநகரத் தனியார் கல்லூரிகளின் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. மலையடிவாரத்திலேயே படிக்க வேண்டுமென்றால், திருப்பத்தூரில் 1951இல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரியில் கணிதம் இருக்கிறது. வீட்டுக்கு அருகில் இருப்பதும் ஒரு வகை வருமானம்: விடுதிச் செலவு மிச்சமாகும், சாமை அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு ஓடிவர முடியும், காய்ச்சல் வந்தால் அம்மா கைக்கஞ்சி கிடைக்கும். எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியது, சுற்றிலும் பேப்பர் எழுதும் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்பது. பாடத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும். பேப்பரைத் தனியாகத்தான் சுமக்க வேண்டும்.

இந்த வழியில் இன்னொரு நன்மை, புள்ளியியல் பட்டத்தின் பாடங்களும் இன்ஸ்டிடியூட்டின் முதல் பேப்பர்களும் பெருமளவு ஒன்றுபோலவே இருப்பது. நிகழ்தகவுப் பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, தொடர்புப் போக்கு: இளநிலைப் புள்ளியியலின் நடுப்பகுதியை ஒழுங்காகப் படித்தவர் சி.எஸ். முதல் பேப்பரில் பாதிக் கிணறு தாண்டியவர். ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஆக்சுவரியல் பிரிவுக்கு உதவி நிர்வாக அதிகாரிகளை எடுத்தபோது, எந்தத் துறைப் பட்டமானாலும் ஏற்றுக்கொண்டு, இன்ஸ்டிடியூட் பேப்பர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கை தேறியிருப்பதையே நிபந்தனையாக வைத்திருக்கிறது. வேலை கொடுப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாவது, நுழைவுத் தேர்வின் வழியே நாட்டின் தலைசிறந்த கணித, புள்ளியியல் நிறுவனங்கள். 1931இல் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். படிப்பு கொல்கத்தாவில் நடக்கிறது. கல்விக் கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைத்த மரபு அந்த நிறுவனத்துக்கு உண்டு. பழங்குடியினருக்கு மத்திய அரசின் 7.5 சதவீத ஒதுக்கீடும் அங்கே பொருந்தும். நுழைவுத் தேர்வோ மனப்பாடத்துக்கு மசியாது. பாடநூல் கணக்குகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழகியவருக்கு முதலில் பார்க்கையில் எதுவுமே புரியாததுபோலத் தோன்றும், பழைய வினாத்தாள்களோடு ஓராண்டு மல்லுக்கட்டினால்தான் பிடி கிடைக்கும். ஆனாலும் விண்ணப்பித்துப் பார்ப்பதால் ஒன்றும் குடிமுழுகாது. மலையிலிருந்து ஒரு பிள்ளை உள்ளே போய்விட்டால், ஆக்சுவரி ஆகாவிட்டாலும் வேலைக்காகக் காத்திருக்க நேராது.

நான்காவது வழி, இளநிலையில் புள்ளியியலோ கணிதமோ முடித்து, முதுநிலையில் ஆக்சுவரியலுக்குத் திரும்புவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறையில் எம்.எஸ்சி. ஆக்சுவரியல் சயின்ஸ் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தில் அதே படிப்பை மக்கள்தொகையியல் துறை நடத்துகிறது. இறப்பு டேபிளின் பிறப்பிடம் மக்கள்தொகையியல் என்பதால் அந்த ஏற்பாடு பொருத்தமாகத்தான் இருக்கிறது. இந்த வழியில் மூன்றாண்டுக்குப் பிறகு ஒருமுறை நின்று யோசிக்க முடியும். ஏசெட் எழுதி, ஒன்றிரண்டு பேப்பர் பார்த்து, இது தனக்குச் சரிப்படுமா என்று தெரிந்த பிறகே பெயரில் ஆக்சுவரியல் உள்ள பட்டத்துக்குப் போகலாம். பதினேழு வயதில் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு பத்தொன்பதில் பிடிக்காமல் போனவர்களின் கதைகளைக் கேட்டவர்களுக்கு இந்த வழியின் அருமை தெரியும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே வரும் சொல் எக்ஸம்ப்ஷன், அதாவது பேப்பர் விலக்கு. பிரிட்டனில் 1848இல் லண்டனிலும் 1856இல் எடின்பரோவிலும் தனித்தனியே தொடங்கிய இரண்டு ஆக்சுவரிச் சங்கங்கள் 2010இல் ஒன்றாகின. அந்த அமைப்பு அங்கீகரித்த பட்டத்தில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தவருக்கு அடிப்படைப் பேப்பர்களில் சிலவற்றையோ பலவற்றையோ எழுத வேண்டியதில்லை. எடின்பரோவின் ஹெரியட்-வாட், கென்ட், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆகியவை இந்தப் பட்டியலில் நெடுநாளாக அடிபடும் பெயர்கள். ஆஸ்திரேலியாவில் மெக்குவாரி போன்ற பல்கலைக்கழகங்களில் அந்நாட்டு இன்ஸ்டிடியூட்டோடு இதே மாதிரி ஏற்பாடு. அமெரிக்கச் சொசைட்டி நிகழ்தகவு, நிதிக் கணிதம் என்று தன் முதல் பேப்பர்களை எல்லோரையும் எழுதவைத்தே பழகியது. மலேசியாவில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அமெரிக்கப் பேப்பர்களையோ பிரிட்டன் பேப்பர்களையோ கல்லூரியில் இருக்கும்போதே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

விலக்கு வாங்கிய பேப்பர் எழுதித் தேறிய பேப்பருக்குச் சமம்தானா என்ற சர்ச்சை தொழிலில் ஓயாது. காகிதத்தில் சமம்தான். நேர்காணலில் டேபிளைக் கையில் கொடுத்து ஒரு பிரீமியத்தைப் போடச் சொன்னால் சாயம் வெளுப்பதும் உண்டு. புதூர்நாட்டு மாணவருக்கு இதில் வேறொரு கணக்கு இருக்கிறது. பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவி ஆண்டுக்கு 20 பேருக்கு மட்டும், அதுவும் முதுநிலையிலும் அதற்கு மேலும்தான். இளநிலைக்கு வெளிநாடு போவது சொந்தப் பணத்தில் அல்லது கடனில். ஆகவே வெளிநாட்டு ஆசை உள்ள பிள்ளையும் முதலில் உள்ளூரில் நல்ல மதிப்பெண்ணோடு இளநிலையை முடிப்பதே முறை.

கல்லூரிக்கு நேரில் போய் விசாரிக்கும்போது கேட்க வேண்டியவை கட்டடத்தையோ பேருந்தையோ பற்றியவை இல்லை. சென்ற ஆண்டு வெளியேறியவர்களில் எத்தனை பேர் எத்தனை பேப்பர் தேறியிருந்தார்கள் என்று கேட்க வேண்டும். வேலைக்குப் போனவர்களின் படங்களை ஒட்டிவைத்த பலகையைக் காட்டினால் அது இந்தக் கேள்விக்கு விடை ஆகாது. பாடம் எடுப்பவர்களில் இன்ஸ்டிடியூட் பேப்பர் எழுதியவர் யாராவது இருக்கிறாரா? கணினி ஆய்வகத்தில் 'ஆர்' சொல்லித்தருகிறார்களா, அல்லது பாடத்திட்டத்தில் பெயர் மட்டும் இருக்கிறதா? இரண்டாமாண்டு மாணவரைத் தனியே பிடித்து, ஒரு தரவுக் கோப்பைத் திறந்து சராசரி எடுத்துக் காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். பல்கலைக்கழகத் தேர்வும் இன்ஸ்டிடியூட் தேர்வும் ஒரே வாரத்தில் மோதினால் கல்லூரி விட்டுக்கொடுக்குமா? கட்டாய வருகைப்பதிவு எவ்வளவு கறாராக இருக்கும்? நூலகத்தில் பேப்பர்களுக்கான பாடக்குறிப்புகள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. உறுப்பினருக்கு அவை வேறு வழியில் கிடைக்கும்.

ஆங்கிலத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆரம்பப் பேப்பர்களில் பெரிய தொந்தரவு இராது, எண்ணும் குறியீடும் காப்பாற்றிவிடும். மேலே போகப் போக, ஆக்சுவரி அல்லாத ஓர் இயக்குநருக்குப் புரியும்படி இரண்டு பக்க அறிக்கை எழுது என்பதுபோலக் கேள்விகள் வரும். கணக்கில் சூரர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான். மாணவரை வாரம் ஒருமுறையாவது ஆங்கிலத்தில் எழுதவைத்துத் திருத்திக் கொடுக்கும் கல்லூரி, ஆக்சுவரியல் பாடம் எதுவும் நடத்தாவிட்டாலும், ஆக்சுவரியை வளர்க்கும் கல்லூரிதான்.

ஊரும் கணக்கில் சேரும். ஜோலார்பேட்டை சந்திப்பிலிருந்து சென்னை 214 கிலோமீட்டர், பெங்களூரு அதைவிடக் கிட்டே. யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ். ஆகிய பொதுக் காப்பீடு, உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்களின் தலைமையகங்கள் சென்னையில் இருக்கின்றன. ஆயுள் காப்பீட்டு வேலைகள் மும்பையிலும், வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்குப் போடும் வேலைகள் பெங்களூரு, குருகிராம் பக்கமும் அதிகம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு நிறுவனத்தில் உட்கார்ந்து உண்மையான கோரிக்கைத் தரவைப் பார்த்த மாணவருக்கு அதன்பின் பாடமே வேறு மாதிரி தெரியும். அந்த வாய்ப்பு சென்னைக் கல்லூரிக்காரருக்குச் சுலபம், திருப்பத்தூரில் படிப்பவர் அதற்காகத் தனியே முயல வேண்டும்.

பணம் வரும் வழிகள் உண்டு, வரும் நேரம்தான் பிரச்சினை. பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட்-மெட்ரிக் கல்வி உதவித்தொகை இருக்கிறது, அதற்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். இந்த ஆயிரத்தைச் சேர்த்து வைத்தாலே ஆண்டுக்கு 12,000 ஆகிறது. பேப்பர் கட்டணத்துக்கு அது கைகொடுக்கும். உதவித்தொகை பெரும்பாலும் கட்டணம் கட்டி முடித்த பிறகே வந்து சேரும் என்பதால், முதல் பருவக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேருவது நல்லது. புளி விற்ற காசு பங்குனி, சித்திரையில்தான் கைக்கு வரும். கல்லூரி கேட்பது ஆனி, ஆடியில். இடையில் அது கரைந்துவிடாமல் இருக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். இந்த மலை மக்களைக் குறிக்கும் மலையாளி என்ற பழங்குடிப் பெயர் மத்தியப் பட்டியலில் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களுக்கு மட்டும் உரியது, அதில் வட ஆற்காடும் ஒன்று. திருப்பத்தூர் மாவட்டம் 2019இல் வேலூரிலிருந்து பிரிந்தது, வேலூரோ பழைய வட ஆற்காட்டிலிருந்து வந்தது. மாவட்டப் பெயர்கள் மாறியும் பட்டியலில் பழைய பெயரே நிற்பதால், வெளிமாநில அலுவலகத்தில் சான்றிதழைப் பார்ப்பவர் குழம்பக்கூடும். மலையாளி என்றதும் கேரளத்துக்காரர் என்று எண்ணிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை வழங்குவது வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலான அதிகாரி. மத்திய நிறுவனங்களுக்கு அதை அவர்கள் கேட்கும் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, புதூர்நாட்டிலிருந்து வரும், கணிதத்தில் பிடிப்புள்ள, கையில் பெரிய பணமில்லாத ஒரு பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் முடிவு பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சாய்கிறது. புள்ளியியல் நிறுவன நுழைவுத் தேர்வை ஒரு கை பார்க்கலாம். கிடைக்காவிட்டால் சென்னையில் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் புள்ளியியல், அதுவும் இல்லையென்றால் திருப்பத்தூரிலேயே கணிதம். முதலாண்டு முடியும்போது ஏசெட், இரண்டாமாண்டில் முதல் பேப்பர். இரண்டு பேப்பர் தேறினால் எம்.எஸ்சி. ஆக்சுவரியல் அல்லது நேரே வேலை. இரண்டும் தேறாவிட்டால் புள்ளியியல் பட்டத்தோடு அரசுப் பணித் தேர்வுகள், வங்கி, ஆசிரியர் பணி. ஜவ்வாதுமலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானதும் போட்டித் தேர்வு எழுதித்தான். பணம் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இதே கணக்கு வேறு விடை தரலாம். கடனில்லாமல் பெருநகரத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தால், கூட்டாளிகளோடு பேப்பர் எழுதும் வசதியை வேண்டாம் என்று தள்ளக் காரணமில்லை.

கால வரிசையில் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு, புள்ளியியல் நிறுவனத் தேர்வு ஆகியவற்றின் விண்ணப்பங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்னும் பின்னுமாக வந்துபோய்விடும். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அவை கைநழுவும். அரசு கலைக் கல்லூரிகளின் இணையவழி விண்ணப்பம் மே மாதத்தில், முடிவுகளை ஒட்டித் திறக்கும். ஏசெட் ஆண்டில் சில முறை நடப்பதால் அதற்கு அவசரம் இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் அரையாண்டு விடுமுறையிலேயே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொண்டால், மே மாதத்தில் மலைக்கும் திருப்பத்தூருக்கும் பேருந்தில் ஏறி இறங்கும் நாட்கள் குறையும்.